ஒரு நாள் பிந்திச் சேர்ந்தவள்

பட்டியலைத் தயாரித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

என் பெயர் டியோலிண்டா பொர்பா. எல்லோருக்கும் டியோ. எங்கள் பள்ளி மாவட்டத்தின் அலுவலகத்தில், பணியாளர் பிரிவில், இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. ஆறு தொடக்கப் பள்ளி, ஒரு நடுநிலைப் பள்ளி. அத்தனை ஆசிரியர்களின் கோப்பும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில். யாருக்குக் கல்யாணம் ஆகிப் பெயர் மாறியது, யாருக்கு விவாகரத்தாகிப் பழைய பெயர் திரும்பியது, எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும்.

கலிபோர்னியாவில் மார்ச் பதினைந்து நெருங்கினால் ஆசிரியர்கள் என் மேசைப் பக்கமே வர மாட்டார்கள். அடுத்த வருடம் உனக்கு வேலை இருக்காது என்று சொல்வதானால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். யாரை அனுப்புவது என்பதையும் சட்டமே சொல்கிறது. கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். நன்றாகப் பாடம் எடுப்பவரா, வகுப்பில் தூங்குபவரா என்ற கேள்வியே கிடையாது. சம்பளத்தோடு வேலை பார்த்த முதல் நாள் எது? அது ஒன்றுதான் கேள்வி. ஒரே நாளில் பலர் சேர்ந்திருந்தால் அவர்களுக்குள் கூடுதல் தகுதி யாருக்கு என்று பார்ப்பார்கள்.

அந்த வருடம் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். ஊரைச் சுற்றிப் பால் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த இடத்தில் எல்லாம் பாதாம் தோப்பு வந்துவிட்டது. பண்ணை ஆட்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் பள்ளி வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும் கை தூக்கி, பதினோரு ஆசிரியர் இடங்களைக் குறைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். மறுநாள் காலை எங்கள் பிரிவின் இயக்குநர் க்ரெய்க் ஹோல்வெர்டா காபிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான்.

"டியோ, கீழேருந்து பதினோரு பேரு. சாயங்காலத்துக்குள்ள பட்டியல் வேணும்."

"தர்றேன்."

"ஒரு தேதி தப்பாப் போச்சுன்னாலும் ஆசிரியர் சங்கத்து வக்கீல் நம்மளைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தேதி தப்பாப் போட்டிருக்கேனா? காபியக் குடிச்சிட்டுப் போயி உங்க வேலையப் பாருங்க."

அப்படித்தான் சொன்னேன். என் வாய்க்கொழுப்பு ஊரறிந்தது.

பத்துப் பேர் சுலபமாக வந்துவிட்டார்கள். நாலைந்து வருடத்துக்குள் சேர்ந்தவர்கள். பதினோராவது இடத்துக்கு ஏழு வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஐந்து பேரை எடுத்திருந்தோம். நான்கு பேருக்குச் சேர்ந்த நாள் பதினாறு, திங்கட்கிழமை. ஒருத்திக்கு மட்டும் பதினேழு, செவ்வாய்க்கிழமை.

காவ் நூ மூவா. மூன்றாம் வகுப்பு.

பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தாலும் பதினேழு பதினேழாகவே இருந்தது. அந்தப் பதினேழைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

காவ் நூ மோங் இனத்துப் பெண். லாவோஸ் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேக்கோங் ஆற்றைக் கடந்து வந்த ஜனங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் நாற்பது வருடமாக இருக்கிறார்கள். அவளுடைய அப்பா ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் குத்தகை நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி போட்டவர். நான் அசோர் தீவுப் போர்ச்சுகீசியப் பால்காரர் வீட்டுப் பெண். இரண்டு பேர் வீட்டிலும் பள்ளிக்கூட வேலை என்றால் பெரிய விஷயம். அதனால்தானோ என்னவோ, வந்த நாளிலிருந்து அவள் என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டாள். அவர்கள் பழக்கம் அது. வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வராது. கோடையில் அவள் அம்மா பறித்த நீளப் பயற்றங்காய் ஒரு கட்டு என் மேசைக்கு வந்துவிடும். சிறுநீரகம் கெட்டுப்போன என் கணவர் ஆர்மாண்டோவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு டிசம்பர் காலை, எதிரே இருக்கும் கை தெரியாத மூடுபனி. எனக்கு அந்தப் பனியில் கார் ஓட்டப் பயம். காவ் நூதான் வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடி அவரைக் கொண்டுபோய் விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன்.

புது ஆசிரியர்களுக்கு அறிமுக நாள். எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும். மூன்றரை வரைக்கும் பேச்சு. அதற்கும் சம்பளம் உண்டு, அதனால் அதுதான் முதல் நாள். ஏழரைக்கு நான் கையெழுத்துத் தாளைக் கவுண்டரில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்து நின்றாள். கறுப்பு உடை. முடியில் ஊதுபத்தி வாசனை. கண் இரண்டும் வீங்கியிருந்தது. அவள் அப்பா போன வாரம் இறந்துவிட்டார் என்றாள். அவர்கள் வழக்கத்தில் சாவுச் சடங்கு நாலு நாள் இரவும் பகலும் நடக்கும். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது, அந்தத் திங்கட்கிழமைதான் அடக்கம். பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

"அப்புறம் இங்க எதுக்கு வந்தே?" என்றேன்.

"முதல் நாள் ஆச்சே. முதல் நாளே லீவு போடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொன்னாரு."

பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"நீ இங்க கையெழுத்துப் போட்டா சாயங்காலம் வரைக்கும் உள்ள உக்காரணும். அங்க உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. போ. ஓடு."

"வேலை போயிடாதே ஆன்ட்டி?"

"சேர்ற தேதிய நாளைக்குன்னு மாத்திடறேன். ஒரு நாள்ல என்ன குடியா முழுகிப் போயிடும்? போடி பொண்ணே."

அவள் ஓடினாள். நான் ஒப்பந்தத்தில் இருந்த பதினாறைப் பதினேழாக மாற்றி, புதிதாக அச்சடித்து, அப்போதைய இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த தாள்களின் நடுவில் செருகி வைத்தேன். அவர் பார்க்காமலே போட்டார். வாரியம் ஒப்புக்கொண்ட தேதியை ஒரு குமாஸ்தா மாற்றக் கூடாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. வீட்டுக்குப் போய் ஆர்மாண்டோவிடம் சொன்னேன், "இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினேன்" என்று.

அவள் மற்ற நான்கு பேரோடு திங்கட்கிழமையே சேர்ந்ததாக இருந்தால் இந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கவே மாட்டாள். இரண்டு மொழியில் கற்பிக்கும் சான்றிதழ் அவளிடம் இருந்தது. அந்த நால்வரில் டேரில் ஸ்டாம்ப்ஸ் என்ற ஐந்தாம் வகுப்பு வாத்தியாரிடம் ஒன்றும் இல்லை. பதினோராவது ஆள் அவர்தான் ஆகியிருப்பார். டேரிலும் பாவம்தான். யாருமே பாவமில்லாமல் ஒரு பட்டியல் இதுவரை நான் போட்டதில்லை.

கடிதத்தை நேரில் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். மதிய இடைவேளையில் அவளுடைய வகுப்பறைக்குப் போனேன். குட்டி நாற்காலிகளைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் உறையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நின்றபடியே படித்தாள், இரண்டு முறை.

"ஆன்ட்டி, பதினேழுன்னு போட்டிருக்கே."

"ஆமாம்."

"நான் திங்கக்கிழமை வந்தேனே. நீங்கதானே போகச் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

அவள் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி மார்பு வரைக்கும் வந்தது. "விசாரணை கேக்கலாம்னு இதுல எழுதியிருக்கே. நீதிபதி வருவாரு, சங்கத்து வக்கீல் வருவாங்க. நான் வந்தேன், ஆபீஸ்ல திருப்பி அனுப்பிச்சாங்கன்னு நீங்க சொன்னாப் போதும், இல்ல?"

"போதும்னுதான் நினைக்கிறேன்."

"சொல்லுவீங்கல்ல?"

"இதென்னடி கேள்வி? சொல்லாம?"

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே, பிள்ளைகள் வரைந்த நாய்களும் சூரியன்களும் சுவர் முழுக்க ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன். அதையாவது நம்புங்கள்.

விசாரணை ஏப்ரல் விடுமுறை வாரத்தில் என்று முடிவானது. அதற்கு நான்கு நாள் முன்னால் ஹோல்வெர்டா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை மேல் காவ் நூவின் கோப்பு.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு டியோ. வாரியத்தோட தீர்மானத்துல அந்தப் பொண்ணு சேர்ற தேதி பதினாறு. ஒப்பந்தத்துல பதினேழு. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் நடவடிக்கை எடுத்தாகணும். அரசாங்க ஆவணத்தைத் திருத்தறது வேலையை விட்டே அனுப்பற குத்தம். எனக்கு வேற வழி இருக்காது."

"அவ வந்தா க்ரெய்க். ஏழரை மணிக்கு வந்து…"

"கேக்கலைன்னு சொன்னேன்ல." அவர் என்னைப் பார்க்காமல் கோப்பின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். "ஏழு வருஷம் ஆச்சு. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? நீங்க ஓய்வு பெற இன்னும் எவ்வளவு நாள்?"

"பதினாலு மாசம்."

"ஆர்மாண்டோ எப்படி இருக்காரு?"

அவர் மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். அக்கறையாகத்தான் கேட்டார், முகத்தில் அது தெரிந்தது. பதினாலு மாதம் போனால் ஓய்வோடு மருத்துவக் காப்பீடும் தொடரும். அதற்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பினால் அது போய்விடும். ஆர்மாண்டோ அந்த இயந்திரத்தில் உட்காராமல் பத்து நாள் தாங்க மாட்டார்.

நாலு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்மாண்டோவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "போயி உண்மையைச் சொல்லுடி, நான் எப்படியோ போறேன்" என்றிருப்பார். அவர் அப்படிச் சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

வாரியக் கூட்டம் நடக்கும் கூடத்திலேயே விசாரணை. மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவிலிருந்து வந்த நீதிபதி, தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதம் வாங்கிய பதினோரு பேரும் முன்வரிசையில். பின்வரிசையில் காவ் நூவின் அம்மா. சின்ன உருவம், மடியில் கைப்பை, இரண்டு கையும் அதன் மேல். அவருக்கு ஆங்கிலம் வராது. நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்று தலை குனிந்தார்.

காவ் நூ முதலில் சாட்சி சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏழரை மணி, கறுப்பு உடை, பேனா, நான் அதைப் பிடுங்கியது, ஓடு என்று சொன்னது, எல்லாம். மாவட்டத்தின் வக்கீல் எழுந்தார். "இதுக்கு ஏதாவது ரசீது, கடிதம், மெயில் இருக்கா?" என்று கேட்டார். "இல்லை. ஆனா அவங்களே இங்க இருக்காங்களே" என்று என் பக்கம் கை காட்டினாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கி, உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்றேன். சங்கத்து வக்கீல் பெரின் என்ற அம்மாள், நட்பாகத்தான் ஆரம்பித்தார்.

"திருமதி பொர்பா, அந்த ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலையில கவுண்டர்ல இருந்தது நீங்கதானே?"

"ஆமாம்."

"மிஸ் மூவா அன்னிக்குக் காலையில வந்தாங்களா?"

ஹோல்வெர்டா தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவ் நூ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அது இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

பெரின் தாளிலிருந்து நிமிர்ந்தார். "வரலைன்னு சொல்றீங்களா, ஞாபகம் இல்லைன்னு சொல்றீங்களா?"

"ஞாபகம் இல்லை."

"அப்பாவை அடக்கம் பண்ற நாள்ல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு வந்து உங்க முன்னாடி நிக்கறா. அது மறந்துபோற விஷயமா?"

"நிறைய பேர் வருவாங்க. ஏழு வருஷம் ஆச்சு."

"தேதியை யார் மாத்தினாங்க?"

"தெரியாது."

"சாட்சி பதில் சொல்லிட்டாங்க, மேல போங்க" என்றார் நீதிபதி. அவருக்கு மதியத்துக்குள் இன்னும் ஆறு பேரை முடிக்க வேண்டியிருந்தது.

இறங்கி வரும்போது காவ் நூவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காப்பாற்ற அவள் அதைச் செய்தாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நான் அவள் கண்ணைப் பார்க்க வேண்டி வரக் கூடாதே என்று. அன்றைக்கு அது கோபம் என்று நினைத்தேன், கோபமாக இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் தாங்க முடியாமல் ஹோல்வெர்டாவின் அறைக்குப் போனேன். "க்ரெய்க், எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உக்காருங்க. இப்ப நீங்க சொல்றது என்னன்னு யோசிச்சுச் சொல்லுங்க. சத்தியம் பண்ணிட்டு ஞாபகம் இல்லைன்னீங்க. இன்னிக்கு ஞாபகம் இருக்குன்னா அது பொய்ச் சாட்சி. வேலை மட்டும் போகாது, வழக்கே போடுவாங்க. நான் வக்கீலைக் கூப்பிடட்டுமா? போனைத் தொட்டா அப்புறம் வைக்க முடியாது."

அவர் கை போனின் மேல் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டது கேட்டது.

மூன்றே நாளில் உண்மை ஒரு குற்றமாக மாறிவிட்டது என்று என் மேல் நானே பரிதாபப்பட்டுக்கொண்டேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கோழை என்பதற்கு நீளமாக ஒரு விளக்கம் தேடினேன், அவ்வளவுதான்.

மே மாத ஆரம்பத்தில் நீதிபதியின் தீர்ப்பு வந்தது. முப்பது பக்கம். காவ் நூவுக்கு ஒன்றரைப் பத்தி. 'மேற்படி ஆசிரியை பதினாறாம் தேதி பணிக்கு வந்ததாகக் கூறுவதற்கு, அவருடைய சொந்தக் கூற்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை' என்று எழுதியிருந்தார். பொய் சொல்கிறாள் என்பதை மரியாதையாக எழுதினால் இப்படித்தான் வரும். அடுத்த வாரம் வாரியம் கூடியது. பொதுமக்கள் மூன்று மூன்று நிமிடம் பேசலாம். அவள் வகுப்புக் குழந்தை ஒன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில், "மிஸ் மூவா போகக் கூடாது" என்றது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. மிச்ச இரண்டே முக்கால் நிமிடம் அந்த அம்மா அழுதாள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச விரும்புகிறவர்கள் நிரப்பும் அட்டையை நிரப்பி, மடித்து, கடைசி வரைக்கும் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

காவ் நூ சாவியை ஒப்படைக்க ஜூன் இரண்டாம் வாரம் வந்தாள். அவர்கள் குடும்பம் மினசோட்டாவுக்குப் போகிறதென்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அங்கே அவள் அண்ணன் இருக்கிறான். கவுண்டரில் படிவங்களை வைத்தேன். மூன்று இடத்தில் கையெழுத்து. பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் மூணு வருஷத்துக்கு இங்க இடம் காலியானா முதல்ல உன்னைத்தான் கூப்பிடணும். சட்டம் இருக்கு. உன் விலாசம் மாறினா…" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சொல்றேன்" என்றாள். "அங்கிள் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"பனி வந்தா வேற யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணிக்கோங்க. நீங்க ஓட்டாதீங்க."

அவள் திட்டியிருக்கலாம். சாவியை என் முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராக இருந்தேன், பல ராத்திரி அவள் திட்டுவதாக நினைத்து நினைத்துப் பதில்கூட வைத்திருந்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவள் அம்மா உள்ளே வந்தார். இரண்டு கையிலும் பெரிய பை. கவுண்டரின் பக்கவாட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு என் பக்கம் வந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அப்படி வந்ததில்லை. பையைக் கீழே வைத்தார். பயற்றங்காய், எலுமிச்சைப்புல், இலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு, கடைசியில் ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காய்ப்புக் காய்த்த கை. எதையோ நீளமாகச் சொன்னார், நிறுத்தி, மறுபடியும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

காவ் நூ படிவத்தைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தாள், வகுப்பில் பாடம் வாசிப்பதைப் போல.

"என் புருஷனை வழியனுப்ப என் பொண்ணை ஓட விட்டது நீங்க. அதை நீதிபதி முன்னாடி தைரியமாச் சொன்னீங்க. உங்க வேலைக்கே ஆபத்து வரும்னு தெரிஞ்சும் சொன்னீங்க. வழக்கு தோத்துப் போச்சு, அது உங்க தப்பில்ல. நாங்க உயிரோட இருக்கற வரைக்கும் எங்க வீட்டுல உங்க பேரைச் சொல்லுவோம்."

அந்த அம்மாள் என் கையை விடவில்லை.

"அவங்களுக்கு யாரு இப்படிச் சொன்னது?"

"நான்தான்."

"ஏன்?"

காவ் நூ பேனாவை மூடி வைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு விசாரணை முடிஞ்சு வெளியில வந்ததும், ஆன்ட்டி என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. அப்பா போன வாரத்துல எங்கம்மாவுக்கு மிஞ்சின ஒரே நல்ல விஷயம் நீங்கதான். ஏழு வருஷமா எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்லிட்டு இருக்காங்க. எனக்கு வேலை போச்சு, சரி. அவங்ககிட்டேருந்து அதையும் நான் எப்படிப் பிடுங்கறது?"

"காவ் நூ, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குடி."

"தெரியும் ஆன்ட்டி."

அவள் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். ஒரு ஸ்ட்ராபெர்ரியை எடுத்துக் காம்பைக் கிள்ளி என் வாயருகே நீட்டினார். மகளிடம் ஏதோ கேட்டார்.

"நல்லா இருக்கான்னு கேக்கறாங்க" என்றாள் காவ் நூ.

நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.